மீன் கேக்கின் துள்ளல் எங்கிருந்து வருகிறது

உருளைக்கிழங்கு மசித்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிக்கும் வகையைப் பற்றி இங்கே எழுதவில்லை. நான் செய்து பார்க்க நினைத்தது இன்னொன்று: மீன் சதையை அரைத்து, நன்றாக அறைந்து, வேகவைத்தால் கிடைக்கிற வழுவழுப்பான மீன் கேக். விரலால் அழுத்தினால் அமுங்கி உடனே எழ வேண்டும். கடித்தால் பல்லைக் கொஞ்சம் எதிர்க்க வேண்டும்.

இந்தத் துள்ளல் மாவுச்சத்தால் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். சில பாக்கெட்டுகளின் பின்புறத்தைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். சரி, பார்த்துவிடுவோம் என்று மாவைக் கூட்டி ஒரு முறை, மாவே இல்லாமல் ஒரு முறை செய்தேன். மாவு கூடியது கெட்டியாக இருந்தது, ஆனால் வளைத்தால் பிளந்தது. மாவே சேராதது ஈரமாக, மெலிதாக இருந்தும் வளைந்து கொடுத்தது. அதிலிருந்து மாவை ஒரு பக்கம் வைத்துவிட்டு உப்பு, குளிர், கைவேலை இந்த மூன்றையும்தான் கவனித்து வருகிறேன்.

காரணம் மீன் தசையில் உள்ள மயோசின் என்ற நீளமான புரதம். வெறும் தண்ணீரில் அது பெரிதாகக் கரையாது. போதிய உப்பு சேர்ந்தால் நாரிலிருந்து விடுபட்டுக் கரைந்து பசையாகும். பிறகு சூடு பட்டதும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலை பின்னும், தண்ணீர் அந்த வலைக்குள் சிக்கிக்கொள்ளும். நாம் துள்ளல் என்று சொல்வது அந்த வலையைத்தான். ஆக, இங்கே உப்பு வெறும் ருசிக்காக இல்லை. சுரிமியிலிருந்து, அதாவது அரைத்து அலசிய மீன் சதையிலிருந்து, பண்டங்கள் செய்யும் ஆலைகளில் சதையின் எடையில் 2 முதல் 3 சதவீதம் வரை உப்பு போடுகிறார்கள். வீட்டில் அது நாக்குக்கு அதிகம். 500 கிராம் சதைக்கு 8 கிராம் உப்பு எனக்குச் சரியாக வருகிறது. அதைவிடக் குறைத்தால் எவ்வளவு அறைந்தாலும் விழுது பசையாகாமல் பொலபொலவென்றே இருக்கிறது.

மீன் விஷயத்தில், வெள்ளைச் சதையுள்ள புதிய மீன் எதுவும் சரிதான். வஞ்சிரம் நன்றாக வந்தது. நெடுநாள் உறைய வைத்த மீன் சுமார்தான், ஏனென்றால் உறைநிலையில் கிடக்கக் கிடக்க மயோசின் தன் வடிவம் குலைந்து ஒட்டும் திறனை இழந்துவிடுகிறது. தோலுரிப்பதைவிட எளிய வழி உண்டு. மீனை இரண்டாகப் பிளந்து, தோல் கீழே இருக்க வைத்து, நார் ஓடும் திசையிலேயே கரண்டியால் சுரண்டினால் சதை மட்டும் வந்துவிடும். தசைநாரும் சின்ன முள்ளும் தோலோடு தங்கிவிடும். பக்கவாட்டில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையை விட்டுவிடுவது நல்லது. கொழுப்பும் கவிச்சியும் அங்கேதான் அதிகம்.

சுரிமிக்குச் செய்வதுபோல அரைத்த சதையைக் குளிர்ந்த நீரில் அலசிப் பிழிந்தும் பார்த்தேன். ரத்தமும் நீரில் கரையும் புரதங்களும் போய்விடுவதால் கேக் நல்ல வெண்மையாக, இன்னும் இறுக்கமாக வந்தது. ஆனால் மீனின் ருசியில் பாதி தண்ணீரோடு போய்விட்டது, பிழிவதும் பெரிய வேலை. புதிய மீன் என்றால் அலசத் தேவையில்லை என்பது என் கட்சி.

அடுத்தது குளிர். உப்பு சேர்த்த விழுது சூடாகத் தொடங்கினால், வேகவைக்கும் முன்பே புரதம் குலையத் தொடங்கிவிடும். மிக்ஸியின் பிளேடு சுற்றும் வேகத்தில் சூடு மளமளவென்று ஏறும். அதனால் ஜாரையும் சதையையும் முதலில் ஃப்ரீசரில் வைத்து, விட்டுவிட்டு ஓட்டி, நடுவில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்க்கிறேன். 10 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடுவதில்லை. தண்ணீருக்குப் பதில் நொறுக்கிய ஐஸ், 500 கிராமுக்குச் சுமார் 75 கிராம், கொஞ்சம் கொஞ்சமாக. வரிசையும் முக்கியம்: முதலில் சதையும் உப்பும் மட்டும், பசை பிடித்த பிறகு ஐஸ், கடைசியில் வெண்மிளகுத் தூள், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, விரும்பினால் ஒரு மேசைக்கரண்டி சோள மாவு. நான் மாவுக்கு எதிரி இல்லை. அந்த அளவு மாவு, கேக் ஆறிய பிறகு தண்ணீர் கசியாமல் பார்த்துக்கொள்ளும்.

மிக்ஸியோடு நிறுத்தியதற்கும் கையால் அறைந்ததற்கும் வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது. விழுதை அள்ளி, துவைகல்லில் துணியை அடிப்பதுபோல அகலமான பாத்திரத்தில் ஓங்கி அறைய வேண்டும். பத்து நிமிடம் தாராளமாக ஆகும், தோள் வலிக்கும், அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்களோ தெரியாது. கை சூடு ஏறாமல் இருக்கப் பாத்திரத்தின் அடியில் ஐஸ் தண்ணீர். விழுது பளபளப்பாகி, உள்ளங்கையில் ஒட்டி, பிய்த்தால் அறுபடாமல் இழுபட்டு வந்தால் போதும். அப்போது ஒரு சிறு துண்டை வேகவைத்து உப்பு பார்த்துக்கொள்ளலாம்.

வேகவைப்பதில்தான் நான் எதிர்பார்க்காத பாடம் இருந்தது. கொதிக்கிற தண்ணீரில் நேராகப் போடுவதைவிட, 40 டிகிரி சூட்டில் உள்ள தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, அப்புறம் சூட்டை விரைவாக ஏற்றினால் இறுக்கம் நன்றாகக் கூடுகிறது. அந்த மிதமான சூட்டில் மீனிலேயே உள்ள ஒரு நொதி புரதங்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. ஆனால் 50 முதல் 70 டிகிரி வரை ஆபத்தான இடம். அங்கே புரதத்தை வெட்டும் வேறு நொதிகள் சுறுசுறுப்பாகிவிடும், பின்னிய வலையை அவையே அறுக்கும். அடுப்பைச் சிறிதாக வைத்து மெதுவாக ஏற்றியது தொளதொளவென்று வந்தது. அதனால் ஊறியவற்றை 90 டிகிரியில் தயாராக இருக்கும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி வேகவைத்து, எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் போட்டுவிடுகிறேன்.

பொரிப்பது எளிது. எண்ணெய் தடவிய கையால் ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனில் தட்டி, மிதமான சூட்டில் பொன்னிறமாக எடுத்தால் சரி. எண்ணெயில் இருக்கும்போது புஸ்ஸென்று உப்பும், ஆறினால் சுருங்கும். அதைப் பார்த்து வருத்தப்பட வேண்டாம், எல்லாருக்கும் அப்படித்தான்.

முன்னேற்றத்தை அளக்க எனக்கு உதவுவது சுரிமித் தொழிலில் தரம் பார்க்கப் பயன்படுத்தும் மடிப்புச் சோதனை. ஆறிய கேக்கை 3 மில்லிமீட்டர் தடிமனில் வட்டமாக நறுக்கி, இரண்டாக மடித்து, மறுபடி நான்காக மடிக்க வேண்டும். நான்காக மடித்தும் விரிசல் விடாவிட்டால் முதல் தரம். மாவு கூடியது முதல் மடிப்பிலேயே பிளந்தது. உப்பும் குளிரும் கூடிவந்து, கையால் அறையாதது இரண்டாக மடிந்தது, நான்கில் விரிசல் விட்டது. அறைந்து, 40 டிகிரியில் ஊறவைத்தது நான்காக மடிந்து அப்படியே நின்றது. ருசியைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கும், இந்தச் சோதனையில் அந்தத் தகராறு இல்லை.

வெந்த கேக்கை ஃப்ரீசரில் வைத்தால் பெரிதாகக் கெடுவதில்லை. பச்சை விழுதை வைக்கத்தான் யோசிக்க வேண்டும். 1960ஐ ஒட்டி ஜப்பானின் ஹொக்கைடோவில் ஆய்வாளர்கள் கண்டது, அலசிய சதையில் சர்க்கரை சேர்த்து உறைய வைத்தால் புரதம் குலையாமல் நிற்கும் என்பது. சுரிமி உலகம் முழுக்கப் போகும் சரக்கானதே அதற்குப் பிறகுதான். அதனால் இப்போது அலசிய சதையைச் சர்க்கரை சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு டப்பாவில் உறைய வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே நாளில் எடுத்து, ஒரே அளவு உப்பில் அறைந்து மடித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கிடையில் மத்தி ஒரு கை பார்க்கலாம் என்று இருக்கிறேன். கருஞ்சதை மிகுந்த மீன், செத்த பிறகு சதையில் புளிப்புத்தன்மையும் அதிகம் ஏறும். இரண்டுமே துள்ளலுக்கு ஆகாதவை. இப்படிப்பட்ட மீனுக்கு அலசும் தண்ணீரில் கொஞ்சம் சமையல் சோடா சேர்ப்பது வழக்கம். வஞ்சிரத்துக்கு வேண்டாம் என்று சொன்ன அலசலை மத்திக்கு மட்டும் செய்துதான் ஆக வேண்டும்.