மாடி அறையில் சிப்பிக் காளான்: மத்தியானத்தைத் தாண்டுவதுதான் பாடு

சிப்பிக் காளான் அறையில் 80 முதல் 85 சதவீதம் ஈரப்பதம் இருக்கணும் என்று காளான் பயிற்சிக்குப் போன முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிடுவார்கள். வைக்கோல் வேகவைப்பது, வித்து போடுவது, இரண்டையும் பாலித்தீன் பையில் அடுக்கி பெட் கட்டுவது எல்லாம் நாலு தடவை கை பழகினால் வந்துவிடுகிறது. அந்த 80-ஐ நாள் முழுக்க நிறுத்துவதுதான் பெரும்பாடு. எங்கள் வீடு கோவையில். மொட்டை மாடியில் பழைய சாமான் கிடந்த சின்ன அறை, மேலே சிமெண்ட் ஷீட். தை, மாசியில் காலையில் துவைத்துப் போட்ட ஜீன்ஸ் மத்தியானத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். அந்தக் காற்றில்தான் பெட்டுகளைத் தொங்கவிட்டேன்.

வித்து பரவுகிற இரண்டு, மூன்று வாரம் அறையின் ஈரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். பைக்குள் இருக்கும் வைக்கோலின் ஈரமே போதும். ஆனால் அது அளவாக இருக்கணும். வேகவைத்து உலர்த்திய வைக்கோலை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் சொட்டக்கூடாது, உள்ளங்கையில் ஈரம் மட்டும் ஒட்டணும். சொட்டினால் பச்சைப் பூசணமும் கறுத்து உருகும் குடைக்காளானும்தான் வரும். பை முழுக்க வெள்ளையாகப் படர்ந்து மொட்டு கிளம்பும்போதுதான் காற்றின் ஈரம் கணக்குக்கு வருகிறது. அதிலும் மொட்டு குண்டூசித் தலை அளவில் இருக்கிற நேரம் ரொம்ப முக்கியம். அப்போது காற்று காய்ந்தால் நுனி பழுப்பாகி சுக்கு மாதிரி இறுகிப் போகும். அந்தக் கொத்து அப்புறம் பெருக்காது.

ஈரப்பதம் காட்டுகிற மலிவான டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கினேன். அது காட்டுகிற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், வீட்டிலேயே சோதிக்கலாம். பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் நனைந்து குழைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். மீட்டரையும் மூடியையும் இறுக்கமான டப்பாவுக்குள் ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள். அந்த உப்பு, டப்பாவுக்குள் இருக்கும் காற்றை 75 சதவீதத்தில் கொண்டுவந்து நிறுத்தும். என் மீட்டர் காலையில் 69 காட்டியது. அன்றிலிருந்து அது சொல்வதோடு 6 கூட்டிக்கொள்கிறேன்.

கூட்டிப் பார்த்தபோது விடிகாலையில் 90-க்கு மேல், பகல் 2 மணிக்கு 60-க்கும் கீழ். காலையில் தரை நனைய நனையத் தெளித்த நாளிலும் அதே கதைதான். காரணம் வெயில். காற்று சூடாக ஆக, நீராவியை இன்னும் அதிகமாகப் பிடித்து வைக்கும். 10 டிகிரி ஏறினால், அதே நீராவி அப்படியே இருந்தாலும் ஈரப்பத எண் ஏறக்குறைய பாதியாகிவிடும். காலை, மாலை இரண்டு வேளை தெளித்தால் போதும் என்பது ஓலைக் குடிலுக்குச் சரியாக வரலாம், எங்கள் ஷீட் அறைக்கு வரவில்லை. மாலைத் தெளிப்பை விட்டுவிட்டு 11, 1, 3 மணிக்கு மாற்றினேன். அதைவிடப் பலன் கொடுத்தது ஷீட்டின் மேல் தென்னை ஓலையைக் கனமாகப் பரப்பியது. சூடு குறைந்ததுமே, ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுதலாக விடாமலே எண் ஏறியது. யாராவது கேட்டால் முதலில் ஓலையைத்தான் சொல்வேன், மிஸ்ட் மெஷினை அல்ல.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் பல வருஷமாகக் காளான் போடுகிற பெரியவர் ஒருவர் என் கையில் இருந்த ஸ்பிரேயரைப் பார்த்துவிட்டு, "காளானுக்கு எதுக்கு அம்மிணி தண்ணி? தரைக்கு ஊத்துங்க, சாக்குக்கு ஊத்துங்க" என்றார். தண்ணீர் இதழ் மேல் தேங்கி நின்றால் மஞ்சள் திட்டு விழுந்து பிசுபிசுக்கும், பாக்டீரியா வேலை அது. இப்போது தரையில் மணல், சுவரோரம் சணல் சாக்கு.

சாக்கைத் தொங்கவிட்டுக் கீழ் விளிம்பைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டால் தானாக இழுத்துக்கொள்ளும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். இழுக்கும், ஆனால் கீழே கொஞ்ச உயரம்தான். மேல்பாகம் காய்ந்தே தொங்கும். அதனால் மேலே ஒரு வாளி வைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப் ட்யூப் ஒன்றை மாட்டினேன். அதில் இருக்கும் சின்னச் சக்கரத்தை உருட்டிச் சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். சொட்டு சாக்கின் மேல் விளிம்பில் விழுந்து பக்கவாட்டில் பரவி மெதுவாக இறங்குகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. கீழே திறந்த தொட்டி மட்டும் வேண்டாம். தேங்கிய நல்ல தண்ணீரில் டெங்கு கொசு ஒரு வாரத்தில் வளர்ந்து பறக்கும். மணல் நிரப்பிய தட்டு போதும். வாரம் ஒருமுறை சாக்கை அலசி வெயிலில் காயப்போடணும், இல்லாவிட்டால் சாக்கே பூசணம் பிடிக்கும்.

ஈரம் போகாமல் இருக்க அறையைச் சுற்றிப் பாலித்தீன் கட்டிவிடலாமே என்பீர்கள். எண் 90-ல் நிற்கும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் காளான் மூச்சு விடுகிற கரியமில வாயு உள்ளேயே தங்கி, காம்பு நீண்டு தலை சிறுத்துவிடும். நான் விடிகாலையிலும் ராத்திரியும் ஜன்னலைத் திறந்துவிடுகிறேன், அப்போது வெளிக்காற்றிலும் ஈரம் இருக்கும். மத்தியானம் கதவை ஒரு விரல் அளவு மட்டும் திறந்து வைப்பேன். உள்ளே போகும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அறுவடையைத் தள்ளிப்போட்டால் முற்றிய காளானிலிருந்து உதிரும் மாவு போன்ற வித்துத்தூள் பறந்து சிலருக்கு விடாமல் இருமல் வரும்.

ஐப்பசி அடைமழையில் இதெல்லாமே தலைகீழ். வாளியை இறக்கி வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தே போடுகிறேன், சின்ன டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்த்து ஓடவிடுகிறேன். சித்திரை வெயிலில் சிப்பியோடு மல்லுக்கட்டுவதே இல்லை. 30 முதல் 35 டிகிரி வரை தாங்குகிற பால் காளானுக்கு மாறிவிடுகிறேன். ஈரம் அதற்கும் அதே அளவு வேண்டும், சாக்கும் ட்யூபும் அப்படியே இருக்கட்டும். கூடுதல் வேலை ஒன்றுதான்: பெட்டின் மேல் போடும் மேல்மண் காயாமல் தினமும் தொட்டுப் பார்க்கணும்.