முடி கொட்டியதைவிட அலைந்ததுதான் அதிகம்

முடி உதிர்வுக்கு வைத்தியம் பார்ப்பதில் மருந்து வாங்குவதெல்லாம் சுலபம். இது இன்ன வகை உதிர்வு என்று ஒருவர் வாயிலிருந்து வரவழைப்பதற்குத்தான் நாய் படாத பாடு பட்டேன். நெற்றி ஏறத் தொடங்கி, உச்சியில் தோல் தெரிய ஆரம்பித்திருக்கும் ஆண்களுக்கு இது பயன்படும் என்று எழுதுகிறேன். மருந்துகளின் பெயர்கள் இந்நேரம் உங்களுக்கே மனப்பாடமாகியிருக்கும். அதனால் எங்கே பணம் போகும், எங்கே நேரம் போகும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் போனது முடி சிகிச்சைக்கென்றே நடத்தப்படும் ஒரு கிளினிக். வெள்ளைக் கோட்டு அணிந்த பெண் ஒருவர் உட்காரவைத்து, பேனா அளவில் ஒரு கேமராவை என் உச்சந்தலையில் வைத்தார். எதிரே இருந்த திரையில் என் தலைத்தோல் விரிந்தது. ஒரு துளைக்கு ஒரே ஒரு முடி, அதுவும் இழை போல மெலிந்து. "பார்த்தீர்களா சார், நிலைமை எவ்வளவு மோசம்?" என்றார். பிடரியிலும் வைத்துக் காட்டுங்கள் என்றேன். "அங்கே ஒன்றும் இருக்காது சார்" என்று கேமராவை அணைத்துவிட்டு, அச்சடித்த காகிதம் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். மூன்று பத்திகள், மூன்று பேக்கேஜ்கள். இன்றே கையெழுத்திட்டால் சலுகையாம்.

"எனக்கு வந்திருப்பதற்கு என்ன பெயர்?" என்று கேட்டேன்.

"முடி உதிர்வுதான் சார்."

"அது தெரிந்துதானே வந்திருக்கிறேன். டாக்டர் எப்போது பார்ப்பார்?"

"பணம் கட்டியதும் முதல் அமர்வில் பார்த்துவிடுவார்."

கோட்டு அணிந்திருந்தவர் மருத்துவர் அல்ல, ஆலோசகர் என்பது அப்போதுதான் புரிந்தது. திரையில் காட்டிய படங்களையாவது கொடுங்கள் என்றால், அவை கிளினிக்கின் ஆவணமாம், தரமாட்டார்களாம். என் தலை, அவர்கள் ஆவணம்! எழுந்து வரும்போது, "இதையாவது எடுத்துக்கொள்ளுங்கள், வெறும் வைட்டமின்தான்" என்று 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரைகள் அடங்கிய டப்பா ஒன்றை விற்றார்கள். வெறும் வைட்டமின் என்ன வேலை பார்த்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்படிப்பட்ட இடத்துக்குப் போவதானால் பணப்பையைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். என்னைப் பார்ப்பவர் மருத்துவரா? நோயின் பெயர் என்ன? அதைக் காகிதத்தில் எழுதித் தருவீர்களா? மூன்றாவது கேள்வியிலேயே பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அடுத்து ஒரு தோல் மருத்துவர். முன்பதிவு, காத்திருப்பு எல்லாம் வழக்கம் போலத்தான். அவர் தலையைத் தொடுவதற்கு முன் நிறையக் கேட்டார். மெல்ல மெல்லக் குறைந்ததா, திடீரென்று கொத்துக் கொத்தாக வந்ததா? தாய்வழியிலும் தந்தைவழியிலும் யாருக்கெல்லாம் வழுக்கை? எடை குறைந்ததா? சில மாதங்களுக்கு முன் காய்ச்சல், அறுவை சிகிச்சை ஏதாவது உண்டா? கடும் காய்ச்சல் ஒன்று வந்து போயிருந்தது. அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு ஐம்பது அறுபது முடிகளை ஒரு பிடியாக விரல்களுக்கிடையே பிடித்து, வேரிலிருந்து நுனி வரை மெதுவாக இழுத்துப் பார்த்தார். கையோடு வந்தவற்றை வெள்ளைத் தாளில் போட்டு எண்ணினார். ஆறுக்கு மேல் வந்தால் உதிர்வு தீவிரமாக இருக்கிறது என்று பொருளாம். எனக்கு அதைத் தாண்டியே வந்தது. அடுத்து உருப்பெருக்கிக் கருவியை உச்சியில் வைத்தார். நான் கேட்காமலேயே பிடரியிலும் வைத்தார். பிடரியில் எல்லா முடிகளும் ஒரே தடிமன். உச்சியிலோ தடித்ததும் மெலிந்ததும் கலந்து கிடந்தன. பரம்பரை வழுக்கைக்கு இந்தக் கலப்புதான் அடையாளம். டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டிஎச்டி என்னும் ஹார்மோன் உச்சியிலும் முன்நெற்றியிலும் உள்ள மயிர்க்கால்களைச் சுருக்குகிறது, பிடரியை அவ்வளவாகத் தொடுவதில்லை. கிளினிக்கில் பிடரியைக் காட்டியிருந்தால் அன்றே விஷயம் தெரிந்திருக்கும்.

அவர் சொன்ன பதில் இரண்டு பெயர்கள் கொண்டது. ஒன்று, பரம்பரை வழுக்கை, ஆண்களின் வழுக்கையை வகைப்படுத்தும் நார்வுட் அளவுகோலின் ஏழு நிலைகளில் மூன்றாவது. இன்னொன்று டெலோஜன் எஃப்ளூவியம். உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி ஏற்பட்டால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பகுதி ஒட்டுமொத்தமாக ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதங்கள் கழித்து உதிர்கிறது. குளிக்கும்போது கை நிறைய வந்தது இந்தக் கணக்கில்தான். காய்ச்சலை அதற்குள் எல்லோரும் மறந்துவிடுவதால், அந்த வாரம் மாற்றிய ஷாம்பு மீது பழி விழுகிறது. இது பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சரியாகும் என்றார் டாக்டர். அன்று பேக்கேஜில் கையெழுத்துப் போட்டிருந்தால், தானாக நிற்கவிருந்த உதிர்வுக்கும் அவர்களுக்கே நன்றி சொல்லியிருப்பேன்.

ஒரு சந்தேகத்துக்காக, இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தார். கூத்து அங்கேதான் ஆரம்பித்தது.

ஆய்வகக் கவுன்ட்டரில் வெறும் வயிறா என்று மட்டும் கேட்டார்கள். வந்த முடிவில், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோன் தரை தட்டியிருந்தது. தைராய்டு சுரக்கும் தைராக்ஸின் வரம்பைத் தாண்டி நின்றது. தைராய்டு தாறுமாறாகச் சுரக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். தோல் மருத்துவர் நெற்றியைச் சுருக்கி, ஹார்மோன் நிபுணரைப் பாருங்கள் என்று கடிதம் கொடுத்தார். அந்தச் சந்திப்புக்காகக் காத்திருந்த இரவுகளில் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். முடியைப் பற்றிய கவலை பறந்தே போய்விட்டது.

நிபுணர் என் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் நடுங்கவில்லை. கழுத்தைத் தடவினார், நாடியைப் பார்த்தார். "தைராய்டு அதிகம் சுரக்கிற ஆள் மாதிரித் தெரியவில்லையே" என்றவர், கொஞ்சம் யோசித்து, "முடிக்காக ஏதாவது வைட்டமின் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். டப்பாவைப் பற்றிச் சொன்னேன். சிரித்தே விட்டார்.

விஷயம் இதுதான். பல ஆய்வகங்களின் ஹார்மோன் பரிசோதனைகள் பயோட்டின் ஒட்டிக்கொள்ளும் தன்மையை வைத்தே வேலை செய்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதமிஞ்சி இருந்தால் கணக்குப் புரண்டு, டிஎஸ்எச் குறைவாகவும் தைராக்ஸின் அதிகமாகவும் காட்டிவிடும். மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் பரிசோதனையையும் இது பொய்யாகக் குறைத்துக் காட்டலாம் என்பதால் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017இலேயே எச்சரித்திருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குப் போதுமான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். என் மாத்திரை ஒன்றில் இருந்தது அதைப் போல முந்நூறு மடங்குக்கும் மேல். குறைபாடு இல்லாதவருக்கு அது முடியை வளர்க்கும் என்பதற்குச் சரியான ஆதாரமும் கிடையாது.

மாத்திரையை நிறுத்தி, நிபுணர் சொன்ன நாட்கள் கழித்து மறுபடி ஆய்வகத்துக்குப் போனேன். "எங்கள் மெஷின் தப்பாகக் காட்டாது. மறுபடி எடுப்பதானால் மறுபடி பணம்" என்றார் கவுன்ட்டர்க்காரர். சத்தம் போடவில்லை. பரிசோதனைக் கிட்டுடன் வரும் விளக்கத் தாளைக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டேன். அப்படி ஒரு தாள் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து ஆய்வகப் பொறுப்பாளர் வந்தார். பல மடிப்புகள் கொண்ட தாளைக் கவுன்ட்டரில் விரித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எறும்பு எழுத்துகளில் விரலை ஓட்டினார். பயோட்டின் என்ற இடத்தில் விரல் நின்றது. ஒன்றும் பேசாமல் ரத்தம் எடுக்கும் அறைக்குக் கை காட்டினார். பணம் வாங்கவில்லை. முடிவு முற்றிலும் இயல்பாக வந்தது.

ஆகவே, எந்த ரத்தப் பரிசோதனைக்குப் போனாலும் முடி மாத்திரை, நக மாத்திரை எல்லாவற்றையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். மருந்து ஏதாவது உண்டா என்று கேட்கும்போது வைட்டமின் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

மருந்துக்கு வருகிறேன். டாக்டர் எழுதியது தலையில் தடவ 5 சதவீத மினாக்சிடில், விழுங்க 1 மில்லிகிராம் ஃபினாஸ்டிரைடு. மருந்துக்கடையில் ஃபினாஸ்டிரைடு 5 மில்லிகிராம் அட்டையை எடுத்து நீட்டினார்கள். "அதே மருந்துதான் சார், பவர்தான் கொஞ்சம் அதிகம்" என்றார் கடைக்காரர். அந்த அளவு ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கானது. முடிக்கானது 1 மில்லிகிராம். திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடைக்குப் போனேன். பெரிய மாத்திரையை நாலாக உடைத்துச் சாப்பிடலாம் என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம். உடைந்த மாத்திரையை அவர்கள் கையால் தொடக்கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் பாதிப்பு வரலாம்.

மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரையாக இருந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்தானது. அமெரிக்காவில் 1988இல் அனுமதி கிடைத்தது. தடவ ஆரம்பித்த சில வாரங்களில் முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டும். டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தும் தலையணையைப் பார்த்து வயிறு கலங்கியது. பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது வரும் கட்டம் அது. பலர் பாட்டிலைத் தூக்கி எறிவதும் அந்தக் கட்டத்தில்தான். எனக்கு அதோடு அரிப்பும் செதிலும் சேர்ந்துகொண்டன. திரவத்தில் கலந்திருக்கும் புரோப்பிலீன் கிளைகால் என்னும் கரைப்பான் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அது இல்லாத நுரை வடிவத்துக்கு டாக்டர் மாற்றிக் கொடுத்தார், அரிப்பு அடங்கியது. முடியின் மேல் பூசாமல் முடியை விலக்கித் தோலில் படும்படி தடவுங்கள், கையைக் கழுவுங்கள். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. மினாக்சிடில் பூனைக்குக் கொடிய விஷம். தலையணை உறையை நக்கினால்கூட ஆபத்து.

ஃபினாஸ்டிரைடு ரத்தத்தில் உள்ள டிஎச்டியை ஏறத்தாழ 70 சதவீதம் குறைக்கிறது. பாலுணர்வு குறைதல், விறைப்பில் தளர்ச்சி, மனச்சோர்வு ஆகியவை சிலருக்கு வரலாம். நிறுத்திய பிறகும் நீடித்ததாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். என் மருத்துவர் இதைக் கூச்சமில்லாமல் முதலிலேயே சொன்னார், நானும் கூச்சமில்லாமல் கேட்டுக்கொண்டேன். எனக்கு ஒன்றும் வரவில்லை, ஆனால் அதை வைத்து உங்களுக்கும் வராது என்று சொல்ல முடியாது. புராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க உதவும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை அளவை இந்த மருந்து பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதையும் குறித்து வையுங்கள்.

அவர் சொல்ல மறந்தது ஒன்று உண்டு. வழக்கம் போல ரத்த தானம் செய்யப் போய், படிவம் நிரப்பி, வரிசையில் நின்று, கடைசியில் மாத்திரையின் பெயரைக் கேட்டதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்விடலாம் என்பதால், கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு மாதம் போனால்தான் எடுப்பார்களாம். நியாயம்தான், ஆனால் அரை நாள் போனது போனதுதான்.

இடையே முடி நடுதல் பற்றியும் விசாரித்தேன். நான் பேசிய இடத்தில் என் பிடரியைப் பார்க்காமலேயே தொலைபேசியில் எத்தனை முடி நடலாம் என்று எண்ணிக்கை சொன்னார்கள். எடுப்பது பிடரியிலிருந்து, அங்கே இருப்பு எவ்வளவு என்று பார்க்காமல் எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதங்களுக்குப் பிறகே முளைக்கும்; முழுப் பலன் தெரிய ஓராண்டு. மருந்து இல்லாமல் நட்டால், நட்டது நிற்க, சுற்றியுள்ளது கொட்டும். முதலில் உதிர்வு நிலைக்கட்டும் என்றார் டாக்டர், விட்டுவிட்டேன்.

மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், உலர்ந்த தலையோடு நெற்றியையும் உச்சியையும் படம் எடுத்து வையுங்கள். கண்ணாடியை நம்பினால் ஒருநாள் முளைத்த மாதிரியும் மறுநாள் கொட்டிய மாதிரியும் தெரியும். ஆறு மாதங்கள் கழித்த பரிசோதனையில் அந்தப் படங்களை டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெற்றி ஏறியது ஏறியதுதான், ஒரு இழைகூட இறங்கவில்லை. உச்சியில் கொஞ்சம் மூடியிருந்தது. கூடவில்லை என்று நான் முகம் சுளிக்க, குறையவில்லை என்று அவர் மகிழ்ந்தார். மருந்தை நிறுத்தினால் சேர்ந்ததெல்லாம் சில மாதங்களில் போய்விடும், தொடரவும் என்று எழுத ஆரம்பித்தார். ஃபினாஸ்டிரைடு அளவை எண்ணிலும் எழுத்திலும் எழுதித் தாருங்கள் என்றேன். காசோலை மாதிரியா என்று கேட்டுவிட்டு, "1 (ஒன்று) மில்லிகிராம் மட்டும்" என்று எழுதிக் கொடுத்தார்.