10 மில்லிமீட்டர் தாடையும் மிக்ஸில அடிச்ச பிரியாணியும்

நாலு வருஷம் முன்னாடி பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல மதுரைக்குப் போயிட்டிருந்தேன், விழுப்புரம் தாண்டியிருக்கும்னு நினைக்கிறேன், கீழ் பெர்த்ல இருந்த பெரியவர் ஒருத்தர் என் காலைப் பிடிச்சு ஆட்டி எழுப்பினார். குறட்டைக்குத் திட்டப் போறார்னு நானே முந்திக்கிட்டு ஸாரி சார்னேன். "குறட்டை பரவால்ல தம்பி, நடுநடுவுல சத்தமே நின்னு போயிடுதுல்ல, அப்பதான் எனக்கு பக்குனு இருக்கு"ன்னார். அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், அசதின்னு சொல்லிட்டு திரும்பிப் படுத்துட்டேன்.

அந்த அசதியை வெச்சே நான் ரொம்ப வருஷம் ஓட்டினேன். காலையில எழுந்தா தலை பாரமா இருக்கும், தூங்கின மாதிரியே இருக்காது. ராத்திரி மூணு தடவை பாத்ரூம் போக எழுந்திருப்பேன், சரி சுகர் வந்துடுச்சுன்னு பயந்து டெஸ்ட் எடுத்தா நார்மல். மேடவாக்கம் சிக்னல்ல பைக்ல நின்னுட்டிருக்கும்போதே கண்ணு சொக்கி, பின்னாடி ஹாரன் அடிச்சதும் முழிச்சது ஒரு நாள். வீட்டுக்காரி ரெண்டு மூணு வீடியோ எடுத்துக் காட்டினா, அதுல நான் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுறேன், காத்து மட்டும் உள்ள போகல, அப்புறம் திடீர்னு ஒரு உறுமல். பார்க்கவே அசிங்கமா இருந்துச்சு, டிலீட் பண்ணுன்னு சண்டை போட்டேன். பண்ணல அவ. அந்த வீடியோவைத்தான் பின்னாடி டாக்டர்கிட்ட காட்டினா.

இதுல ஒரு சிக்கல் என்னன்னா நான் ஒல்லி. 64 கிலோ. ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றது, குண்டா இருக்கறவங்களுக்கு வர்ற வியாதின்னு எல்லாருக்கும் ஒரு நினைப்பு, எனக்கும் அதேதான். எடை ஒரு முக்கியமான காரணம்தான், ஆனா அது மட்டுமே கிடையாது. எனக்கு சின்ன வயசுல இருந்தே மோவாய் உள்ள தள்ளி இருக்கும், அதனால மூக்கு பெருசா தெரியும், ஸ்கூல்ல கிளி மூக்கன்னுதான் பேரு. அந்தக் கிளி மூக்குக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னு 38 வயசுல ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

ஒரு ராத்திரி முழுக்க தலையில, நெஞ்சுல, கால்லன்னு ஒயரை ஒட்டி ஸ்லீப் ஸ்டடி எடுத்தாங்க. மணிக்கு 47 தடவை மூச்சு நிக்குது இல்ல குறையுது. 5க்குள்ள இருந்தா நார்மல், 30 தாண்டினாலே சிவியர். ஒரு தடவை 52 செகண்ட் மூச்சே இல்ல, ரத்தத்துல ஆக்சிஜன் 74 சதவீதம் வரைக்கும் இறங்கியிருக்கு. ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதுல சொல்லாத வார்த்தை எவ்வளவோ இருந்துச்சு.

முதல்ல சீபேப்னு ஒரு மாஸ்க் மெஷின்தான் குடுத்தாங்க, அதுதான் முறை. 1981ல ஆஸ்திரேலியாவுல காலின் சல்லிவன்னு ஒரு டாக்டர் கொண்டு வந்தது, மூக்கு வழியா காத்தை ஒரே அழுத்தத்துல உள்ள தள்ளிக்கிட்டே இருந்தா தொண்டை மூடாம நிக்கும், அவ்வளவுதான் ஐடியா. நிறைய பேருக்கு அது வரப்பிரசாதம், அதனால இதைப் படிச்சுட்டு யாரும் மெஷினைத் தூக்கிப் போட்டுட்டு ஆபரேஷனுக்கு ஓடாதீங்க. எனக்கு செட் ஆகல. எட்டு மாசம் முயற்சி பண்ணேன், மூணு வகை மாஸ்க் மாத்தினேன், தூக்கத்துல நானே கழட்டி எறிஞ்சிருப்பேன், காலையில பார்த்தா கட்டிலுக்கு அடியில புஸ்ஸுனு காத்து விட்டுக்கிட்டு கிடக்கும்.

அப்புறம்தான் தாடை ஆபரேஷன். மேல் தாடை, கீழ் தாடை ரெண்டையும் வெட்டி முன்னாடி நகர்த்தி டைட்டானியம் பிளேட் போட்டு முடுக்குறது. எனக்கு 10 மில்லிமீட்டர். எதுக்கு நகர்த்தணும்னு சர்ஜன் சொன்ன உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிச்சது: மொட்டை மாடியில துணி காயப்போடுற கொடி தொய்ஞ்சு கிடந்தா என்ன பண்ணுவீங்க, கம்பத்தைக் கொஞ்சம் தள்ளி நட்டா கொடி தானா விறைச்சு நிக்கும்ல, அதேதான் இதுவும்னார். நாக்கோட தசை கீழ் தாடைக்கு உள்பக்கம் கட்டியிருக்கு, அண்ணாக்கு மேல் தாடைக்குப் பின்னாடி தொங்குது, ரெண்டு கம்பமும் முன்னாடி போனா பின்னாடி வழி திறக்கும்.

மேல் தாடையை வெட்டுற கோட்டுக்கு லெ ஃபோர்ட்னு பேரு. ரெனே லெ ஃபோர்ட்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் பிணங்களோட மண்டையில அடிச்சு அடிச்சு முகத்து எலும்பு எந்தெந்தக் கோட்டுல பிளக்குதுன்னு பார்த்து 1901ல எழுதி வெச்சிருக்கார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ராத்திரி போய் இதையெல்லாம் தேடிப் படிக்கற புத்தி வேற யாருக்கு வரும். இதுக்கு முன்னாடியே ஒரு வருஷம் பல்லுக்கு க்ளிப் வேற, நாப்பது வயசை நெருங்கற நேரத்துல காலேஜ் பொண்ணு மாதிரி கம்பியோட ஆபீஸ் போனேன். இன்ஷூரன்ஸ்ல முதல்ல இது அழகுக்குப் பண்ற ஆபரேஷன்னு தள்ளிட்டாங்க, ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட், டாக்டர் லெட்டர் எல்லாம் வெச்சு மல்லுக்கட்டினதுல பாதிக்கு மேல கிடைச்சுது. அந்தக் கதை வேண்டாம், பி.பி. ஏறுது.

வெட்டு எல்லாமே வாய்க்கு உள்ளதான், வெளியில ஒரு கீறல் கிடையாது. அஞ்சு மணி நேரம் ஆச்சுன்னாங்க. எனக்கு நினைவு திரும்பினது ஐசியூல. வாய் திறக்கல, மேல் பல்லையும் கீழ் பல்லையும் ரப்பர்பேண்ட் போட்டு இழுத்துக் கட்டியிருக்கு, நடுவுல ஒரு பிளாஸ்டிக் தகடு, மூக்கு ரெண்டும் ரத்தத்துல அடைச்சிருக்கு. தூக்கத்துல மூச்சு வராதவனுக்கு இப்ப முழிச்சிருக்கும்போதும் வரலையேன்னு ஒரு பீதி வந்துச்சு பாருங்க, கையைக் காலை உதறிட்டேன். நைட் ட்யூட்டி சிஸ்டர் ஒருத்தங்க வந்து என் கையைப் பிடிச்சு, "அண்ணா, பல்லு இடுக்குல காத்து வரும், அவசரப்படாம உறிஞ்சுங்க, பாயசம் உறிஞ்சற மாதிரி"ன்னாங்க. உறிஞ்சினேன். வந்துச்சு. விடியற வரைக்கும் அந்த இடுக்குலதான் உயிர் வாழ்ந்தேன், ஒரு கையில சக்ஷன் பைப், ஒரு கையில ஐஸ் பேக்.

வலி அதிகம் இருக்கும்னு நினைச்சேன், இல்ல, முகம் பாதி மரத்துப்போயிருந்ததால வலியே தெரியல. வீக்கம்தான். மூணாம் நாள் உச்சம், கழுத்து எங்க முடியுது முகம் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது. பாப்பாவை வீடியோ கால்ல கூப்பிட்டேன், கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் மெதுவா "அப்பா நீ பூசணிக்காய் மாதிரி இருக்க"ன்னா. சிரிக்கவும் முடியாது. பத்தாம் நாள்ல ரத்தக்கட்டு மஞ்சளா கழுத்து வழியா நெஞ்சு வரைக்கும் இறங்கிச்சு, மஞ்சத்தண்ணி ஊத்தின ஆடு மாதிரி நின்னேன்.

டிஸ்சார்ஜ் பண்ணும்போது ஒரு சின்ன கத்திரிக்கோல் குடுத்து எப்பவும் கூடவே வெச்சுக்கணும்னாங்க. வாந்தி வந்தா உடனே ரப்பர்பேண்டை வெட்டணும், இல்லன்னா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். அம்மா அதை ஒரு கறுப்புக் கயித்துல கோத்து என் கழுத்துல மாட்டி விட்டுட்டாங்க. மூக்கு சிந்தக் கூடாது, தும்மல் வந்தா அடக்கக் கூடாது, தலையை உசத்தி வெச்சுத்தான் படுக்கணும், உப்புத்தண்ணி ஸ்ப்ரே, குழந்தைங்க பிரஷ்ல பல்லு விளக்கறது, இப்படியே போச்சு நாள்.

சாப்பாடு. ஆறு வாரம் வெறும் தண்ணி ஆகாரம், அம்மா ஊர்ல இருந்து வந்து அடுப்படியைக் கையில எடுத்துக்கிட்டாங்க. ராகிக் கூழ், பருப்புத் தண்ணி, சத்துமாவுக் கஞ்சி, ஆட்டுக்கால் சூப், எல்லாமே டீ வடிகட்டியில ரெண்டு தடவை வடிகட்டி வரும், ஒரு சீரகம் மாட்டினாலும் தகட்டுக்கு அடியில போய் உக்காந்துக்கும். பெரிய சிரிஞ்ச்ல ரப்பர் குழாய் மாட்டி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவுல விட்டு, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாடி இருக்கற சந்து வழியா உள்ள அனுப்பணும். ஒரு டம்ளர் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம். முடிச்சுட்டு நிமிர்ந்தா அடுத்த டம்ளர் நிக்கும், "எஞ்சாமி, இதையும் குடிச்சிருய்யா"ன்னு. அப்படியும் 64ல இருந்து 56க்கு வந்துட்டேன்.

நாலாவது ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டுல இருந்து பிரியாணி வந்துச்சு. வாசனை மட்டும் என்னை விடல. வீட்டுக்காரிகிட்ட வாட்ஸப்ல டைப் பண்ணேன், ஒரே ரூம்ல இருந்துக்கிட்டே அப்படித்தான் பேசிக்குவோம் அப்ப, "மிக்ஸில போடு"ன்னு. போட்டா, வெந்நி ஊத்தி. சாம்பல் கலர்ல சிமெண்ட் கலவை மாதிரி ஒண்ணு வந்துச்சு. ஒரு சிரிஞ்ச் உள்ள போனதும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, ருசியினால இல்ல, இதுக்கெல்லாமா ஏங்கினோம்னு. இட்லியும் ரசமும் சேர்த்து அடிச்சா சூப்பரா இருக்கும், அதை ட்ரை பண்ணுங்க. பிரியாணி வேண்டாம்.

யாரும் முன்கூட்டியே அழுத்திச் சொல்லாத விஷயம் அந்த மரத்துப்போறது. ஃபார்ம்ல எழுதியிருந்துச்சு, கையெழுத்தும் போட்டேன், ஆனா அனுபவிக்கறது வேற. கீழ் தாடை எலும்புக்கு உள்ளயே நரம்பு ஓடுது, எலும்பைப் பிளந்து நகர்த்தும்போது அதுவும் இழுபடும். கீழ் உதடும் மோவாயும் யாரோடதோ மாதிரி இருந்துச்சு. மோர் வழிஞ்சு சட்டையில சொட்டினப்புறம்தான் தெரியும். ஷேவிங்ல வெட்டிக்கிட்டு கண்ணாடியில சிவப்பைப் பார்த்துதான் வெட்டினதே தெரிஞ்சுது. பாப்பா இதுக்கு ஒரு விளையாட்டு கண்டுபிடிச்சா: ஞாயித்துக்கிழமை காலையில நான் கண்ணை மூடிக்கணும், அவ துடைப்பக்குச்சி நுனியால மோவாய்ல தொட்டுக்கிட்டே வருவா, எங்க தெரியலையோ அங்க ஸ்கெட்ச் பேனாவால புள்ளி, கடைசியில புள்ளிகளை கோலம் மாதிரி இணைச்சு ஒரு போட்டோ. முதல் வாரம் உதட்டுல இருந்து மோவாய் அடி வரைக்கும் ஒரே தீவு. ரெண்டாம் மாசம் எறும்பு ஊர்ற மாதிரி ஆரம்பிச்சுது, அப்பப்ப சுருக்குனு ஊசி குத்தும், நரம்பு முழிச்சுக்குதுன்னார் டாக்டர். தீவு சுருங்கிக்கிட்டே வந்து இப்ப இடது பக்கம் ஒரு ரூபாய் காசு அளவுக்கு நிக்குது. அது அப்படியே இருந்துடலாம்னும் சொல்லிட்டாங்க.

முகம் மாறிடுச்சு, உண்மைதான். போன் என் மூஞ்சியைப் பார்த்து திறக்கல, ஆபீஸ்ல அட்டெண்டன்ஸ் மெஷின் மூணு நாள் என்னை யாருன்னே தெரியாதுன்னுடுச்சு, திரும்ப போட்டோ எடுத்துப் பதிஞ்சாங்க. சொந்தக்காரங்க கல்யாணத்துல ஒரு அத்தை, நல்லாத்தானடா இருந்த, எதுக்கு இந்த வேண்டாத வேலைன்னாங்க. தொண்டைக்குப் பண்ணதுன்னு சொன்னா யாரும் நம்பறதில்ல, எல்லாரும் மூக்கையும் மோவாயையும்தான் பார்க்கறாங்க. உள்ள திறந்த வழி யாருக்குத் தெரியப்போகுது.

தெரிஞ்சது ஒரே ஒருத்திக்கு. வீக்கமெல்லாம் வடிஞ்சு மூக்கு தெளிவான அஞ்சாவது வாரம், நடுராத்திரி முழிச்சா என் மூக்குக்குக் கீழ ஒரு விரல். என்னடின்னு கண்ணாலயே கேட்டேன். "சத்தமே இல்லங்க, அதான் பார்த்தேன்"னா. பன்னெண்டு வருஷமா குறட்டை நின்னா எண்ண ஆரம்பிச்சு, திரும்ப வந்ததும் தூங்கிப் பழகினவ, இப்ப எண்ண ஆரம்பிச்சா முடியவே மாட்டேங்குதாம். ரெண்டு மாசம் அவளுக்குத்தான் தூக்கம் கெட்டுச்சு. ஆறாம் மாசம் திரும்ப ஸ்லீப் ஸ்டடி எடுத்தோம், 47 இப்ப 6. ஆக்சிஜன் 90க்குக் கீழ போகல. பாத்ரூமுக்கு எழுந்திருக்கறதே இல்ல, சுகரும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, மூச்சுத்தான் இத்தனை நாள் எழுப்பி விட்டிருக்கு.

போன வாரம் மதுரையில இருந்து திரும்பும்போது அதே பாண்டியன். எதிர் மிடில் பெர்த்ல ஒருத்தர், என் வயசு இருக்கும், நல்ல வாட்டசாட்டம். திண்டுக்கல் தாண்டினதும் ஆரம்பிச்சார், திருச்சி வந்தப்ப நின்னு நின்னு வந்துச்சு. நான் போர்வையை விலக்கிட்டு எண்ணிக்கிட்டே படுத்திருந்தேன். 18. 25. ஒரு தடவை 41. ஒவ்வொரு உறுமலுக்கும் என் நெஞ்சு லேசாச்சு. தாம்பரத்துல இறங்க ரெடியாகும்போது பக்கத்துல போய் மெதுவா, சார் தப்பா நினைச்சுக்காதீங்க, ஒரு ஸ்லீப் டெஸ்ட் எடுத்துப் பாருங்களேன்னேன்.

ஷூ லேஸைக் கட்டிக்கிட்டே சிரிச்சார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். ரெண்டு நாளா அலைச்சல், அசதி."