திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்த நாட்கள்

ஆவணப்படக் கலையைக் கற்பிக்கும் பணியில் நான் இருக்கிறேன். இறுதிப் பருவத்தில் மாணவர்கள் நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகச் சேர்ந்து ஓர் ஆவணப்படம் எடுப்பார்கள். பொருளைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி இறுதி ஒலிக்கலவை வரை அவர்களுக்குத் துணையாக இருப்பது என் பொறுப்பு. அப்படி உருவான படங்களுள் ஒன்று, ஒரு மருத்துவமனையில் இரவுப் பணி செய்பவர்களைப் பற்றியது. ஒரு செவிலியர், ஒரு காவலாளி, ஒரு துப்புரவுப் பணியாளர் ஆகிய மூவரையும் பின்தொடர்ந்து, இரவு 10 மணிக்குத் தொடங்கிக் காலை 6 மணிக்கு முடியும் ஒரு பணிமுறையை 26 நிமிடங்களில் சொல்லும் படம். நோயாளிகள் யாருடைய முகமும் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்தது என்பதால், கேமரா பெரும்பாலும் நடைபாதைகளிலும் படிக்கட்டுகளிலும் அந்த மூவரின் முகங்களிலும் கைகளிலுமே நிலைத்திருந்தது. படத்தை இறுதி செய்வதற்குள் நான்கு முறை வெவ்வேறு பார்வையாளர்களுக்குத் திரையிட்டோம். கருத்தை எப்படிக் கேட்பது, எதை ஏற்பது, எதற்குத் தயங்குவது என்று நான் பாடமாகச் சொல்லிவந்த பலவற்றை அந்தத் திரையிடல்கள் எனக்கே திருத்திக் கொடுத்தன.

முதல் திரையிடல் சக மாணவர்களுக்கானது. குழுவினர் ஒரு கேள்வித்தாள் தயாரித்திருந்தார்கள். படம் பிடித்ததா, ஒளிப்பதிவு எப்படி, இசை எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடச் சொல்லியிருந்தார்கள். ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் 4 என்று இருந்தது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு வெட்டைக்கூட மாற்ற முடியாது என்பதைத் தாள்களைச் சேகரித்து மேசையில் அடுக்கிய பிறகே உணர்ந்தோம். நண்பனின் படத்துக்கு யாரும் 2 போடுவதில்லை. மனம் நிறைந்து 5 போடுகிறவரும் எதற்காகப் போட்டேன் என்று எழுதுவதில்லை.

அடுத்த திரையிடலுக்கு அந்தத் தாளை முழுவதும் மாற்றினோம். படம் எதைப் பற்றியது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், எந்த இடத்தில் உங்கள் கவனம் விலகியது, படத்தில் வந்தவர்களுள் யார் யார் நினைவில் நிற்கிறார்கள், அவர்களைப் பற்றி என்ன தெரிந்துகொண்டீர்கள், எது புரியவில்லை. இவ்வளவுதான். பிடித்ததா என்ற கேள்வியை எடுத்துவிட்டோம். இதில் முதல் கேள்விதான் மாணவர்களை மிகவும் உலுக்கியது. இரவில் உழைப்பவர்களின் திறமையைப் பற்றிப் படம் எடுத்திருப்பதாக அவர்கள் நம்பிக்கொண்டிருக்க, பார்த்தவர்களில் பெரும்பாலோர் இரவின் தனிமை என்றும் உழைப்பவர்களின் துயரம் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த விடைகளின் பொருள் எங்களுக்கு அன்று முழுதாகப் பிடிபடவில்லை.

கருத்துகளைக் கேட்கும் நேரத்தில் படம் எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது என்ற விதியையும் அன்றிலிருந்து கடைப்பிடித்தோம். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய கருத்துக் கேட்பு முறையை நான் வகுப்பில் சொல்வதுண்டு: முதலில் பார்த்தவர்கள் தங்கள் மனத்தில் பதிந்தது எது என்று சொல்வார்கள், பிறகு படைத்தவர் தமக்கு ஐயமுள்ள இடங்களைப் பற்றிக் கேட்பார், அடுத்துப் பார்த்தவர்கள் தங்கள் தீர்ப்பு எதுவும் கலக்காத, நடுநிலையான கேள்விகளைக் கேட்பார்கள், கடைசியில்தான், அதுவும் படைத்தவர் சம்மதித்தால்தான், அபிப்பிராயத்துக்கு இடம். இந்த ஒழுங்கு சொல்வதற்கு எளிது, நடத்துவதற்குக் கடினம். இயக்கிய மாணவி ஒவ்வொரு கருத்துக்கும் விளக்கம் சொல்ல எழுந்தார். அந்தக் காட்சியை ஏன் அப்படி எடுத்தோம், அன்று என்ன தடை இருந்தது என்று அவர் சொல்லத் தொடங்கியதும், கேட்டவர்கள் தலையசைத்துத் தங்கள் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். விளக்கம் சொல்லி ஒருவரைச் சமாதானப்படுத்திவிடலாம். ஆனால் படத்தோடு நாம் எல்லா அரங்குகளுக்கும் போய் நின்று விளக்க முடியாதே. அதன் பிறகு அவர் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, பேசத் தோன்றும்போதெல்லாம் எழுதச் சொன்னேன். அன்று மாலைக்குள் பல பக்கங்கள் நிரம்பியிருந்தன.

அந்தத் திரையிடலில் நாங்கள் செய்த இன்னொரு மாற்றம், குழுவில் இருவர் திரைக்கு முதுகு காட்டி, பார்வையாளர்களைப் பார்த்தபடி உட்கார்ந்தது. எந்த நிமிடத்தில் எத்தனை பேர் இருக்கையில் அசைகிறார்கள், எங்கே கைப்பேசியின் வெளிச்சம் தெரிகிறது, எங்கே அருகில் இருப்பவரிடம் குனிந்து ஏதோ கேட்கிறார்கள் என்று நேரத்தோடு குறித்தார்கள். எழுதித் தரும் தாளில் மனிதர்கள் பண்போடு நடந்துகொள்கிறார்கள். உடம்பு அவ்வளவு பண்பு பார்ப்பதில்லை. தாளில் ஒருவர்கூடக் குறிப்பிடாத ஆறாம் நிமிடத்தில் பாதிப் பேர் அசைந்திருந்தார்கள். காவலாளி வாயிலில் நின்று பேசும் அந்தக் காட்சியில், பின்னால் ஓடும் காற்றோட்ட விசிறியின் இரைச்சலில் அவர் குரல் அமுங்கிப்போயிருந்தது. ஹெட்போன் மாட்டித் தொகுத்தவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. வசனம் மனப்பாடமாகிவிட்டவர்களுக்கு அது எப்போதும் கேட்கும். கேட்காதபோது பார்வையாளர் எனக்குக் கேட்கவில்லை என்று நினைப்பதில்லை, இந்தக் காட்சியில் எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறார். ஒலிபெருக்கியில் வைத்து ஒலிக்கலவையைத் திருத்தி, துணைத்தலைப்பும் சேர்த்த பிறகு அந்தக் காட்சி பிழைத்துக்கொண்டது.

செவிலியரின் நேர்காணலில் கிடைத்த பாடம் இதைவிடச் சிக்கலானது. பதினான்காம் நிமிடத்தில் தொடங்கி மூன்றரை நிமிடம் ஓடிய அந்தப் பேச்சு நீளமாக இருக்கிறது என்று முதல் திரையிடலிலேயே பலரும் சொன்னார்கள். இத்தனை பேர் ஒரே இடத்தைச் சுட்டும்போது மறுக்க என்ன இருக்கிறது என்று, நானும் ஒப்புக்கொண்டு, அதை இரண்டு நிமிடமாகக் குறைக்கச் செய்தேன். இரண்டாம் திரையிடலிலும் அதே இடத்தில் அதே சொல் வந்தது: நீளம். ஒரு நிமிடமாக்கிப் பார்க்கலாமா என்று தொகுத்த மாணவர் கேட்டபோதுதான், நாங்கள் தவறான இடத்தில் கத்தரியை வைத்திருக்கிறோமோ என்ற சந்தேகம் எனக்கு வந்தது. படத்தொகுப்பாளர் வால்ட்டர் மர்ச் முன்னோட்டத் திரையிடல்களைப் பற்றிப் பேசும்போது ஒரு மருத்துவ ஒப்புமையைச் சொல்வார். முழங்கையில் வலி என்று வருகிறவருக்குக் கோளாறு தோளில் இருக்கலாம். வலிக்கிற இடத்திலேயே அறுவை செய்தால் வலியும் போகாது, நல்ல முழங்கையும் கெடும். இதை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் என் கண்முன்னே ஒரு முழங்கை வந்தபோது அடையாளம் தெரியவில்லை.

எங்கள் தோள் நான்காம் நிமிடத்தில் இருந்தது. அந்த நேர்காணலில் செவிலியர், நள்ளிரவுக்குப் பிறகு நேரும் ஒரு மரணத்தை உறவினருக்குத் தொலைபேசியில் சொல்வதைப் பற்றிப் பேசுகிறார். முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்குவது, எதிர்முனையில் குழந்தை எடுத்தால் என்ன செய்வது என்று சொல்கிறார். அவர் ஒரு படுக்கையின் திரையை இழுத்து மூடி, பதிவேட்டில் எழுதி, தொலைபேசியை எடுக்கும் காட்சி ஒன்று முதல் தொகுப்பிற்கும் முன்பே இருந்தது. அதில் எதுவும் நடக்கவில்லை என்று நாங்களே நீக்கியிருந்தோம். அது இல்லாததால், பதினான்காம் நிமிடத்தில் அவர் எந்த அழைப்பைப் பற்றிப் பேசுகிறார் என்பது பார்வையாளருக்குப் பிடிபட நெடுநேரம் ஆயிற்று. பிடிபடாத பேச்சு எவ்வளவு சுருக்கமாக இருந்தாலும் நீளம்தான். 18 நொடிகளே ஓடும் அந்தக் காட்சியைத் திரும்பச் சேர்த்து, நேர்காணலையும் வெட்டாத மூன்றரை நிமிடமாகவே வைத்தோம். நான்காவது திரையிடலில் அந்த இடத்தில் அரங்கில் ஒருவரும் அசையவில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் குறைகளிலிருந்து கற்றவை. எங்களைத் திசைதிருப்பியது பாராட்டு. இரண்டாம் திரையிடலில் வெளியாட்கள் எல்லோரும் ஒரே குரலில் புகழ்ந்த பகுதி, துப்புரவுப் பணியாளரைப் பற்றியது. குழுவில் ஒரு மாணவர் தாமே வாசித்துப் பதிவுசெய்த மெதுவான வயலின் இசை பின்னணியில் ஓட, ஆளில்லாத நடைபாதையில் அந்த அம்மா தரையைத் துடைத்துக்கொண்டு போவார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் குறிப்பெடுத்தவர்கள் பார்த்தார்கள். நெஞ்சை உருக்கியது என்று பல தாள்களில் எழுதியிருந்தது. மாணவர்களின் முகங்களில் அன்றிருந்த மகிழ்ச்சியை நானும் பகிர்ந்துகொண்டேன். அந்தப் பகுதியைத் தொட வேண்டாம் என்று சொன்னதும் நான்தான்.

மூன்றாம் திரையிடல் படத்தில் வந்த மூவருக்கானது. இதற்கு மாணவர்கள் தயங்கினார்கள். தன்னைத் திரையில் பார்க்கும் எவருக்கும் ஏதாவது ஒரு குறை தோன்றும், எல்லோரும் ஒவ்வொன்றை நீக்கச் சொன்னால் படம் என்னவாகும் என்பது அவர்கள் அச்சம். நியாயமான அச்சம்தான். ஆனால் இந்தக் கலையின் தொடக்கத்திலேயே இந்தப் பழக்கம் இருந்திருக்கிறது. 1922இல் வெளியான தம் படத்துக்காக வடகனடாவின் பனிப்பகுதியில் வாழும் இனுயிட் மக்களோடு தங்கியிருந்த ஆவணப்பட முன்னோடி ராபர்ட் ஃபிளஹர்ட்டி, எடுத்த படச்சுருளை அங்கேயே கழுவி அவர்களுக்குத் திரையிட்டுக் காட்டினார். 1967இல் கனடாவின் ஃபோகோ தீவில் இயக்குநர் காலின் லோ படமெடுத்தபோது, தீவு மக்கள் முதலில் தாங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே படங்கள் மற்றவர்களுக்குக் காட்டப்பட்டன. பின்பு அரசு அதிகாரிகளும் அவற்றைப் பார்த்தார்கள், அவர்கள் அளித்த பதிலும் தீவுக்குத் திரும்பி வந்தது. பாரிஸில் இயக்குநர் ழான் ரூஷும் சமூகவியலாளர் எட்கர் மோரனும் 1961இல் வெளியிட்ட படத்தில், படத்தில் வந்தவர்கள் திரையிடலுக்குப் பிறகு தங்களுக்குள் விவாதிப்பதும் படத்தின் ஒரு பகுதியாகவே இடம்பெற்றது. இவற்றையெல்லாம் சொல்லி மாணவர்களை இசையவைத்தேன். என்ன கேட்கப்போகிறோம் என்று எனக்கும் அப்போது தெரியாது.

காவலாளி, தாம் கசங்கிய சீருடையில் இருப்பதாகவும் அந்தக் காட்சியை மறுபடி எடுக்கலாமா என்றும் கேட்டார். செவிலியர், மேலதிகாரி ஒருவரைப் பற்றித் தாம் சொன்ன ஒரு வாக்கியத்தை நீக்க வேண்டும் என்றார். இயக்கிய மாணவிக்கு அதுவே படத்தின் மிக வலிமையான வாக்கியமாகப்பட்டது. அன்றிரவு குழுவுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. நான் என் கருத்தை ஒளிக்கவில்லை. படத்தால் ஒருவரின் வேலைக்கோ பாதுகாப்புக்கோ தீங்கு நேரக்கூடும் என்றால் அவர் சொல் கட்டளை. அங்கே கலையின் பெயரால் பேரம் பேசக் கூடாது. தோற்றம், விருப்பம் சார்ந்தவற்றில் அவர் சொல் ஒரு கருத்து. கேட்டு, யோசித்து, முடிவை அவரிடம் நேரில் சொல்ல வேண்டும். செவிலியரின் வாக்கியம் நீங்கியது. காவலாளியிடம், இரவு முழுவதும் நின்றவரின் சீருடை அப்படித்தானே இருக்கும், அதுதானே உண்மை என்று மாணவர்கள் எடுத்துச் சொன்னபோது, அவர் சிறிது யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

துப்புரவுப் பணியாளரோ படம் முடிந்து வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இசையமைத்த மாணவரைப் பார்த்துக் கேட்டார்: "எனக்கு மட்டும் எதுக்கு தம்பி இந்தச் சோகப் பாட்டு? நான் வேலையை நல்லாச் செய்யுறேன், அதைப் படம் பிடிக்கத்தானே வந்தீங்க? இதைப் பார்த்தா என்னைப் பாவம்னுல்ல நினைப்பாங்க."

அந்த அறையில் யாருக்கும் பதில் இல்லை. இரண்டாம் திரையிடலின் தாள்களில் துயரம் என்று எழுதியிருந்ததன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பார்வையாளர்கள் பொய் சொல்லவில்லை; அவர்கள் உண்மையாகவே உருகினார்கள். உருகவைத்தது அந்த அம்மாவின் வாழ்க்கை அன்று, நாங்கள் ஊற்றிய இசை. அவர்களுடைய கண்ணீரை எங்கள் படத்தின் வெற்றியாக எண்ணி, அதற்குக் காரணமான மனிதரிடம் அது எப்படிப் போய்ச் சேரும் என்று நான் ஒரு கணம்கூட எண்ணிப் பார்க்கவில்லை. மாணவர்களுக்கு அனுபவம் குறைவு. எனக்கு அந்தக் காரணமும் இல்லை.

மறுநாள் அந்தப் பகுதியை இசையில்லாமல் ஓட்டிப் பார்த்தோம். அது தடுமாறியது. வெட்டுகள் எல்லாம் வயலினின் தாளத்துக்கு விழுந்திருந்தன. அதனால் அவருடைய வேலையின் வரிசையே கலைந்திருந்தது. முழு ஃபுட்டேஜையும் மறுபடி எடுத்துப் பார்த்தபோது, மாதக்கணக்கில் பார்த்தும் காணாத ஒன்று தெரிந்தது. அவர் எப்போதும் உயரமான பரப்புகளை முடித்த பிறகே தரைக்கு வருகிறார். அழுக்குக் குறைந்த இடத்தில் தொடங்கி அழுக்கு மிகுந்த இடத்தில் முடிக்கிறார். அறையின் உட்கோடியிலிருந்து வாசலை நோக்கிப் பின்வாங்கியபடியே துடைக்கிறார். கழிவறைக்கென்று வைத்திருக்கும் துடைப்பானை வேறெங்கும் தொடுவதில்லை. வாளித் தண்ணீரை ஓர் அறை முடிந்ததும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புகிறார். நோய்த்தொற்று ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகாமல் தடுக்கும் ஒழுங்கு அது. அந்த வரிசையிலேயே காட்சிகளை மறுபடி அடுக்கி, வாளிச் சக்கரத்தின் ஒலியையும் ஈரத்துணி தரையில் உரசும் ஒலியையும் மட்டும் வைத்தோம். தம் இசையைத் தாமே டைம்லைனிலிருந்து நீக்கியவர் அந்த மாணவர். யாரும் அவரைக் கேட்கவில்லை.

நான்காவது திரையிடலுக்கு மூவரும் பணிமுறை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்தப் பகுதி ஓடியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் யாரும் இல்லை என்று குறிப்பெடுத்த மாணவி எழுதியிருக்கிறார். கலந்துரையாடல் தொடங்கியதும் முதல் கையை உயர்த்தியவர், அவர் ஏன் ஒவ்வோர் அறைக்கும் தண்ணீரை மாற்றுகிறார் என்று கேட்டார். இயக்கிய மாணவி குறிப்பேட்டை மூடிவிட்டு, கடைசி வரிசையை நோக்கிக் கை காட்டினார். அந்த அம்மா எழுந்து நின்று பதில் சொல்லத் தொடங்கினார். அடுத்த பத்து நிமிடங்களுக்குக் கேள்விகள் எல்லாம் அவரிடமே போயின.