இன்னோர் ஆப்ஷன் வேண்டுமா?

கட்டளையைத் தட்டி இயக்கும் கட்டளை வரிக் கருவி ஒன்றில் புது ஆப்ஷனை, அதாவது அதன் போக்கை மாற்றும் தேர்வைச் சேர்க்க ஒரு மாலைப்பொழுது போதும். வெளியிட்ட பிறகு அதை எடுப்பதுதான் பெரும்பாடு. எங்கோ ஒரு சர்வரில், நள்ளிரவில் ஓடும் ஸ்கிரிப்ட் அதை நம்பியிருக்கும். பராமரிப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே நிரல் எழுதும் நேரத்தைவிட விவாத நேரம் நீள்வது நியாயமே.

இணையத்தில் தரவை அனுப்பவும் இறக்கவும் உதவும், 1998 முதல் வெளிவரும் கர்ல் (curl) இதற்கு நல்ல பாடம். அதில் இன்று 250க்கும் மேற்பட்ட ஆப்ஷன்கள் இருக்கின்றன. 2022 மார்ச்சில் 7.82.0 பதிப்பில், ஜேசன் (JSON) என்ற தரவு வடிவத்தை அனுப்ப ‘ஜேசன்’ ஆப்ஷன் சேர்ந்தது. அதற்கு முன்பு என்ன நடந்தது? தரவு அனுப்பும் ‘டி’ (-d) ஆப்ஷனோடு ஜேசனைக் கொடுத்தால், அது இணையப் படிவத் தரவு என்ற ஹெடரோடுதான் (தரவைப் பற்றிச் சொல்லும் தலைப்பு வரி) போகும். கண்டிப்பான சர்வர் 415 என்றோ 400 என்றோ பிழை எண்ணோடு திருப்பிவிடும். சரியாக அனுப்ப, தரவோடு இரண்டு ஹெடர்களையும் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டும். எழுத்துப் பிழை விழுந்தாலும் கர்ல் எச்சரிக்காது. புது ஆப்ஷன் அந்த மூன்றையும் ஒன்றாக்கியது.

அது செய்யாமல் விட்டதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஜேசனை அது உருவாக்காது, பிழை பார்க்காது, வந்த பதிலை அடுக்கிக் காட்டாது. உருவாக்க ‘ஜோ’ என்ற கருவி இருக்கிறது, பிரித்துப் பார்க்க ‘ஜேக்யூ’ இருக்கிறது. இடையில் பைப் போட்டால், அதாவது ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாக விட்டால், வேலை முடிந்தது. இன்னொரு நுணுக்கம்: ‘டி’யை இரண்டு முறை கொடுத்தால் துண்டுகளுக்கு நடுவே ‘&’ குறி வரும். ஜேசனுக்குள் அந்தக் குறி வந்தால் எல்லாம் கெட்டது. அதனால் புது ஆப்ஷன் துண்டுகளை அப்படியே ஒட்டுகிறது. இப்படிப்பட்டவற்றை நிரலைத் தொடும் முன்பே பேசித் தீர்க்க வேண்டும்.

‘பைப்பில் முடியுமா?’ என்ற கேள்வி எப்போதும் மறுப்பில் முடிவதில்லை. பல கோப்புகளை ஒரே நேரத்தில் இறக்க, பட்டியலில் உள்ளவற்றுக்குக் கட்டளையை ஓட்டும் எக்ஸ்ஆர்க்ஸ் (xargs) போதும் என்று வாதிடலாம். ஆனால் அது கோப்புக்கு ஒரு கர்ல் என்று தனித்தனியாக ஓட்டினால், ஒவ்வொன்றும் சர்வரோடான டிசிபி இணைப்பையும், பாதுகாப்புக்கான டிஎல்எஸ் கைகுலுக்கலையும் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் இணைப்பைப் பகிர வழியில்லை. 2019இல் வந்த ‘இசட்’ (-Z) ஆப்ஷன் ஒரே செயல்முறைக்குள், வழக்கமாக 50 இறக்கங்கள் வரை இணையாக நடத்துகிறது. இது கருவிக்குள்தான் இருந்தாக வேண்டும்.

மூன்றாவது வழியும் உண்டு. இணைய முகவரியான யுஆர்எல்லைப் பிரிக்க ஸ்கிரிப்டுகளில் ரெஜெக்ஸ் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறியீடு) எழுதித் தடுமாறுவோருக்காக, 2023இல் ‘ட்ரர்ல்’ தனிக் கருவியாகவே வந்தது. அடியில் இருப்பது அதே கர்ல் நூலகம். சர்வர் வேறு முகவரிக்கு அனுப்பும் வழிமாற்றத்தைக் கர்ல் தானாகவே பின்தொடர வேண்டும் என்ற கோரிக்கைக்கும் இது பொருந்தும். பழைய இயல்பை மாற்றினால் பழைய ஸ்கிரிப்டுகள் உடையும். கர்லுக்கு மேலே உறையாக இருந்து அதை இயக்கும் ‘டபிள்யூகர்ல்’ அந்த இயல்பைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

கோரிக்கை வந்ததும், இன்று அந்த வேலைக்குக் கோரியவர் தட்டும் முழுக் கட்டளையைக் கேளுங்கள். பாதி நேரம் தீர்வு அதிலேயே கிடைக்கும். கிடைக்காவிட்டால் முதலில் கருவியின் கையேடான மேன் பக்கத்துக்கான பத்தியை எழுதச் சொல்லுங்கள். படிவப் பதிவேற்றத்தோடு சேர்ந்தால் என்ன ஆகும், இரண்டு முறை கொடுத்தால் எது செல்லுபடியாகும், தோற்றால் கருவி எந்தப் பிழை எண்ணோடு வெளியேறும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். விலக்குகள் விளக்கத்தைவிட நீண்டால் வடிவமைப்பு இன்னும் தயாராகவில்லை. நிரலைப் பார்க்காமலே திருப்பி அனுப்பலாம்.