பெசான்சோனில் ஒரு மாலை

தினு லிப்பாட்டியின் கடைசிக் கச்சேரியின் ஒலிப்பதிவை நேற்றிரவு மீண்டும் கேட்டேன். ருமேனியாவில் 1917-இல் பிறந்த அந்தப் பியானோ கலைஞர், ஹாட்கின் நோய் என்ற நிணநீர்ப் புற்றுநோயால் உடல் மிகவும் நலிந்திருந்த நிலையிலும், மருத்துவரின் அறிவுரையை மீறி, 1950 செப்டம்பர் 16 அன்று பிரான்சின் பெசான்சோன் நகரில் மேடையேறினார். இசையமைப்பாளர் பாக்கின் முதல் பார்ட்டிட்டா என்ற நடன இசைத் தொகுப்பைத் தொடங்குமுன், விரல்களுக்குப் பழக்கம் காட்டுவதுபோல், சில சுரங்களை மெல்ல ஓடவிடுகிறார். ஸ்டூடியோவில் என்றால் வெட்டி எறிந்திருப்பார்கள், எனக்கோ அந்தச் சில நொடிகள் விலைமதிப்பற்றவை. அதன்பின் வரும் பாக்கில் நோயின் சாயலே இல்லை. இரண்டு கைகளும் இரண்டு பாடகர்களைப்போல் ஒன்றையொன்று மறைக்காமல் தெளிவாகப் பாடுகின்றன. மொட்சார்ட், ஷூபர்ட் ஆகியோரின் படைப்புகள் முடிந்து, சோபினின் 14 வால்ட்ஸ் நடன இசைகளையும் வாசிக்க எண்ணியிருந்தவர், 13 முடிந்ததும் வலுவிழந்து நிறுத்திவிட்டார். கடைசி வால்ட்ஸுக்குப் பதிலாக பாக்கின் கோரல் (தேவாலயப் பாடல்) ஒன்றை வாசித்தாராம்; அது பதிவாகவில்லை என்பது எனக்குத் தீராத ஏக்கம். அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று, 33 வயதில், அவர் மறைந்தார். பழைய ஒலிப்பதிவின் இரைச்சலைப் பொருட்படுத்தாமல், நண்பர்கள் அந்தப் பார்ட்டிட்டாவையாவது ஒருமுறை முழுமையாகக் கேட்க வேண்டுகிறேன்.