ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் 'ஆக்சஸ் டினைட்'

தங்கை ஒரு அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும், கடைசித் தேதி நெருங்கிவிட்டது, அவளுடைய கம்ப்யூட்டரில் அந்தத் தளத்தைத் திறந்தால் வெள்ளைப் பக்கத்தில் 'ஆக்சஸ் டினைட்' என்று வருகிறது, கீழே ஒரு நீளமான குறிப்பு எண். அதே வைஃபையில் என் போனில் திறக்கிறது, அம்மாவின் போனிலும் திறக்கிறது. போனிலேயே விண்ணப்பித்துவிடலாம்தான், ஆனால் போட்டோவையும் கையெழுத்தையும் அவர்கள் கேட்கிற கேபி அளவுக்குச் சுருக்கி ஏற்றுவது சின்னத் திரையில் பெரும்பாடு. சரி, கம்ப்யூட்டரையே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

'தளத்தை அடைய முடியவில்லை' என்று பிரவுசர் சொல்வது வேறு, இது வேறு. இது 403 வகைப் பிழை. அதாவது நாம் கேட்டது சர்வர் (தளத்தை நமக்கு அனுப்பும் கம்ப்யூட்டர்) வரை போய்ச் சேர்ந்துவிட்டது, அது பார்த்துவிட்டுத் தர மாட்டேன் என்று பதிலும் அனுப்பிவிட்டது. வீட்டு இணைப்பையே தடை செய்திருந்தால் போனிலும் திறந்திருக்காது. ஆகவே ரவுட்டரை அணைத்துப் போடுவதில் பயனில்லை. இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து போவது மட்டும் அந்த சர்வருக்கு எப்படி வேறாகத் தெரிகிறது என்பதுதான் கேள்வி.

குரோமில் இன்காக்னிட்டோவில், அதாவது பழைய தரவு எதுவும் இல்லாமல் தொடங்கும் தனிச் சன்னலில், திறந்தேன், அதே பதில். ஃபயர்பாக்ஸிலும் அதேதான். அப்படியென்றால் பழைய குக்கீயோ (தளம் நம் பிரவுசரில் போட்டுவைக்கும் சின்னக் குறிப்பு) எக்ஸ்டென்ஷனோ (பிரவுசரில் நாம் சேர்க்கும் துணைக் கருவி) மட்டும் காரணமில்லை, பிரவுசருக்கு வெளியே ஏதோ இருக்கிறது. எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரிலேயே எழுதி வைக்கக்கூடிய விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்த்தேன், அந்தத் தளத்தின் பெயரில் எந்த வரியும் இல்லை. இடையில் வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் ப்ராக்ஸி அமைப்பும் அணைந்தே இருந்தது.

அப்புறம்தான் ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) காட்டும் ஒரு பக்கத்தைப் போனிலும் கம்ப்யூட்டரிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தேன். போனில் எங்கள் வீட்டு இணைய நிறுவனத்தின் பெயர். கம்ப்யூட்டரில் சிங்கப்பூர்! (முகவரி எண் வேறாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி உள்ள இணைப்பில் ஒரே வீட்டில் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி முகவரி இருக்கும். நாட்டையும் நிறுவனப் பெயரையும் பாருங்கள்.) கூகுள் முகப்பின் அடியிலும் சிங்கப்பூர் என்றுதான் போட்டிருந்தது, யார் அதையெல்லாம் பார்க்கிறோம்.

நம் அரசுத் தளங்கள் பலவும் வெளிநாட்டு முகவரியிலிருந்து வந்தால் கதவைத் திறப்பதில்லை. பாதுகாப்புக்காகச் செய்கிறார்கள், அதில் நியாயம் உண்டு. ஆனால் 'இந்தியாவுக்குள்ளிருந்து மட்டுமே' என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்தால் கடைசித் தேதிப் பதற்றத்தில் இருக்கும் எத்தனை பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்!

கம்ப்யூட்டர் சிங்கப்பூரில் இருப்பதுபோலத் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது விபிஎன், அதாவது நம் இணைப்பை வேறொரு இடத்து சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் மென்பொருள். தங்கை விபிஎன் எதையும் போடவே இல்லை என்றாள். உண்மைதான், அவள் போட்டது ஆன்டிவைரஸ். அதற்குள்ளேயே ஒரு விபிஎன் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள், விண்டோஸ் தொடங்கும்போதே தானாக இணையும்படி வைத்திருக்கிறார்கள். கடிகாரத்துக்குப் பக்கத்தில், சின்ன அம்புக்குறிக்குள் ஒளிந்திருக்கும் ஐகான்களில் அதுவும் ஒன்று. அமைப்புக்குள் போய்த் தானாக இணைவதை நிறுத்தினேன். இணைப்பைத் துண்டித்தால் மட்டும் போதாது, அடுத்த முறை கம்ப்யூட்டரைப் போட்டதும் திரும்ப வந்துவிடும்.

நிறுத்திய பிறகும் வழக்கமான குரோம் சன்னலில் அதே மறுப்பு, புதிதாகத் திறந்த இன்காக்னிட்டோவில் மட்டும் திறந்தது. இப்போது மிச்சமிருந்தது குக்கீ. மறுத்தபோது தளம் போட்டுவைத்த குக்கீ இன்னும் அங்கேயே இருந்திருக்கிறது. முகவரிப் பட்டையின் இடது ஓரத்து ஐகானைத் தட்டி அந்தத் தளத்தின் தரவை மட்டும் அழித்தேன். மொத்தமாக அழித்தால் மற்ற தளங்களிலிருந்தும் வெளியேறிவிடுவோம், அது தேவையில்லை. உடனே திறந்தது, அன்று மாலையே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள்.

உங்களுக்கு நாடும் நிறுவனமும் இரண்டு சாதனத்திலும் ஒன்றாகவே இருந்து, குக்கீயை அழித்த பிறகும் மறுத்தால், மறுப்புப் பக்கத்தில் உள்ள அந்தக் குறிப்பு எண்ணையும் நேரத்தையும் உங்கள் ஐபி முகவரியையும் சேர்த்துத் தளத்தின் உதவி மையத்துக்கு அனுப்புங்கள். எந்த விதியால் தடுக்கப்பட்டது என்று அவர்கள் தேடிப் பார்க்க அந்த எண்தான் வழி. அலுவலக லேப்டாப் என்றால் விபிஎன்னை நீங்களாக அணைக்காதீர்கள், ஐடி ஆட்களிடம் கேளுங்கள்.